ஏழு கழித்தல் டெல்டா

மீக்கடத்திகளின் வரலாற்றைக் கூறும் நூல்கள் 1987ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் இரவைத் தவறாமல் குறிப்பிடுகின்றன. நியூயார்க் ஹில்டன் விடுதியில் அமெரிக்க இயற்பியல் கழகம் நடத்திய அமர்வுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் திரண்டனர். இடமின்றிக் கூடங்களிலும் நடைவழிகளிலும் நின்றனர். பின்னிரவு மூன்று மணியைக் கடந்தும் உரைகள் தொடர்ந்தன. பேசுபொருள் ஒரு கறுப்பு நிறப் பீங்கான். இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் என்னும் நான்கு தனிமங்களால் ஆன அந்த ஆக்சைடு, 93 கெல்வின் வெப்பநிலையிலேயே மின்தடையை முற்றிலும் இழந்துவிடுகிறது என்று ஹூஸ்டனிலிருந்து பால் சூவும் ஹண்ட்ஸ்வில்லிலிருந்து மாவ்-குவென் வூவும் அதே மாதத்தின் தொடக்கத்தில் அறிவித்திருந்தனர். நீர்மநிலை நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். அதுவரை விலையுயர்ந்த ஹீலியத்தை நம்பியிருந்த மீக்கடத்துத்திறன், பால்போலக் குடுவையில் ஊற்றிக் கொண்டுபோகத்தக்க நைட்ரஜனின் எல்லைக்குள் வந்துவிட்டது. திரண்ட கூட்டத்துக்குக் காரணம் அதுதான்.

அந்த ஆண்டில் வெளிவந்த கட்டுரைகளைப் புரட்டினால் அப்பொருளின் வாய்பாட்டில் ஒரு விந்தையைக் காணலாம். இட்ரியம் ஒன்று, பேரியம் இரண்டு, தாமிரம் மூன்று என்று முழு எண்களாகவே செல்லும் கணக்கு, ஆக்சிஜனிடம் வந்ததும் தடுமாறுகிறது. அங்கே எழுதப்பட்டிருப்பது ‘ஏழு கழித்தல் டெல்டா’. டெல்டா என்பது பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் எங்கோ நிற்கும் ஓர் எண். உலோகங்களைத் தராசில் நிறுத்துச் சேர்த்துவிடலாம். ஆக்சிஜன் அவ்வாறு கட்டுப்படுவதில்லை. உலையின் வெப்பத்துக்கும் சூழ்ந்திருக்கும் வளிக்கும் ஏற்ப வந்தும் போயும் இருக்கிறது. டெல்டா பூச்சியத்தை ஒட்டியிருந்தால் பொருள் 90 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தி. டெல்டா ஒன்றானால், அதாவது ஏழு ஆக்சிஜனில் ஒன்று குறைந்தால், அதே பொருள் மின்கடத்தாப் பொருள்.

இந்த டெல்டாவை மனிதர் எவ்வாறு படிக்கக் கற்றனர் என்பதே இங்கு நாம் சொல்ல விழையும் வரலாறு. தமிழ் கற்பிப்போருக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லாத உருபைக் கொண்டு தொடருக்குப் பெயரிடும் இலக்கணத்தை ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்துகிறவர்கள் நாம். ‘பால் குடித்தான்’ என்பதில் ‘ஐ’ இல்லை; இல்லாததாலேயே அது இரண்டாம் வேற்றுமைத்தொகை. எது மறைந்தது, எந்த இடத்தில் மறைந்தது என்று சொன்னால் ஒழியப் பொருள் கொள்ள இயலாத இத்தகைய பழக்கம் படிக இயற்பியலிலும் உண்டு என்று அறிந்தபோது, விட்டுவிட மனம் வரவில்லை.

கதை 1987இல் தொடங்கவில்லை. கார்ல் அலெக்சாந்தர் முல்லர் 1927இல் பாசெல் நகரில் பிறந்தவர். சூரிக் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் 1950களின் பிற்பகுதியில் அவர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்னும் ஆக்சைடு. அக்காலத்தில் அதனை வைரத்துக்குப் போலியாகப் பட்டை தீட்டி விற்றார்கள். ஒவ்வொரு டைட்டானிய அயனியையும் ஆறு ஆக்சிஜன்கள் மேல், கீழ், நான்கு பக்கங்கள் எனச் சூழ்ந்து ஓர் எண்முகத்தை ஆக்குகின்றன. அந்த எண்முகங்கள் முனைகளால் கோத்துக்கொண்டு படிகமாகின்றன. இவ்வமைப்புக்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயர். 1839இல் குஸ்தாவ் ரோசே விவரித்த யூரல் மலைக் கனிமம் ஒன்றுக்கு இட்ட பெயர், பின்னர் அதே கட்டமைப்புடைய பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று.

முல்லர் கையாண்ட கருவி எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு நிறமாலை. இம்முறையை 1944இல் கண்டவர் கசான் நகரத்து எவ்கேனி சவோய்ஸ்கி. நிறமாலை என்றவுடன் வானவில்லின் ஏழு வண்ணங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கு ஒளிக்குப் பதிலாக நுண்ணலை. இணையற்ற எலக்ட்ரான் ஒரு சிறு காந்தம் போன்றது. படிகத்தைக் காந்தப்புலத்தில் வைத்து நுண்ணலையைச் செலுத்தினால், புலம் ஒரு குறிப்பிட்ட வலிமையை எட்டும்போது அந்த எலக்ட்ரான் நுண்ணலையை உட்கொள்ளும். அந்த வலிமை எவ்வளவு என்பது சுற்றியிருக்கும் அயனிகளைப் பொறுத்தது. படிகத்தை மெல்லத் திருப்பினால் உட்கொள்ளும் இடமும் நகரும். எத்திசையில் எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொண்டே போனால், அந்த எலக்ட்ரானைச் சுற்றியுள்ள அக்கம்பக்கத்தின் வடிவம் தெளியும்.

தூய ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் இணையற்ற எலக்ட்ரான் இல்லை. ஆகவே உளவாளி ஒருவர் தேவைப்பட்டார். மிகச் சிறிய அளவில் கலந்திருந்த இரும்பு அயனி அந்தப் பணியைச் செய்தது. நான்கு மின்சுமை கொண்ட டைட்டானியத்தின் இடத்தில் மூன்று மின்சுமை கொண்ட இரும்பு போய் உட்காரும்போது கணக்கில் ஒன்று குறைகிறது. அக்குறையை ஈடுசெய்யப் படிகத்தில் எங்கோ ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகலாம். அந்தக் காலியிடம் இரும்பை ஒட்டியே அமைந்துவிட்டால், ஆறு அயலார் இருக்கவேண்டிய இரும்புக்கு ஐவர்தான். அப்போது நிறமாலை ஓர் அச்சைச் சார்ந்து வலுவாக மாறிவிடுகிறது. கனசதுரத்துக்கு அச்சுகள் மூன்று; ஆதலால் அத்தகைய தொகுதிகளும் மூன்று. கிர்க்பாட்ரிக், முல்லர், ரூபின்ஸ் மூவரும் 1964இல் வெளியிட்ட கட்டுரை இதனை நிறுவியது. கண்ணுக்கு ஒருபோதும் புலப்படாத ஒற்றை ஆக்சிஜனின் இன்மை, எத்திசையில் இல்லை என்ற குறிப்போடு தாளில் பதிவாயிற்று. இரும்பும் காலியிடமும் சேர்ந்த அந்த இணைக்கு இயற்பியலார் ஒரு தனிக் குறியீடே தந்திருக்கின்றனர். வேற்றுமைத்தொகை என்று நாம் பெயரிடுவதைப் போன்றதே இதுவும்.

அதே 1964இல், அமெரிக்கத் தேசியத் தரநிர்ணயக் கூடத்தைச் சேர்ந்த ஷூலி, ஹோஸ்லர், கோஹன் என்பவர்கள் ஆக்சிஜனில் ஒரு பகுதியை வெளியேற்றிய ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் மீக்கடத்தியாவதைக் கண்டனர். வெப்பநிலை 0.3 கெல்வினுக்கும் கீழே. யாருக்கும் பயன்படாத எண். ஆயினும் உலோகமல்லாத ஓர் ஆக்சைடு, ஆக்சிஜன் குறைந்ததனால் மீக்கடத்தியாயிற்று என்ற செய்தி அங்கே இருந்தது. பின்னாளில் முல்லரின் மாணவராகவும் உடனுழைப்பாளராகவும் ஆன கேயார்க் பெட்நார்ட்ஸ், 1970களின் இறுதியில் கெர்ட் பின்னிக் கேட்டுக்கொண்டதற்கிணங்க நியோபியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகங்களை வளர்த்துக் கொடுத்தார். அவற்றில் 1.2 கெல்வின் எட்டப்பட்டது.

1983இல் சூரிக்கை அடுத்த ருஷ்லிகோனிலுள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் முல்லரும் பெட்நார்ட்ஸும் ஆக்சைடு மீக்கடத்திகளைத் தேடத் தொடங்கினர். நிக்கல் ஆக்சைடுகளோடு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன, பயனில்லை. 1985இன் இறுதியில் பெட்நார்ட்ஸ் நூலகத்தில் ஒரு பிரெஞ்சுக் கட்டுரையைக் கண்டார். கான் நகரத்து மிஷெல், எர்-ராக்கோ, ராவோ மூவரும் எழுதியது. பேரியம், லாந்தனம், தாமிரம் கொண்ட ஓர் ஆக்சைடைப் பற்றிய அக்கட்டுரையின் தலைப்பிலேயே ‘ஆக்சிஜன் குறையுடைய பெரோவ்ஸ்கைட்’ என்ற சொற்கள் இருந்தன. வாய்பாட்டில் ஆக்சிஜனின் எண் 13.4 என்று பதின்மப் புள்ளியோடு நின்றது. 1986 ஜனவரியில் பெட்நார்ட்ஸ் அளந்தபோது மின்தடை சடாரென இறங்கியது. ஏப்ரலில் அனுப்பிய கட்டுரைக்கு அவர்கள் இட்ட தலைப்பு மிகுந்த அடக்கம் உடையது: மீக்கடத்துத்திறன் ‘இருக்கக்கூடும்’ என்றுதான் அது சொல்கிறது. முப்பது கெல்வினுக்கு மேல் தொடங்கிய அந்த இறக்கம், 1973 முதல் நிலைத்திருந்த 23.2 கெல்வின் என்ற எல்லையை உடைத்தது. 1987இலேயே இருவருக்கும் நோபல் பரிசு.

இக்கண்டுபிடிப்பைத் தற்செயல் என்றும் நற்பேறு என்றும் எழுதுவோர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. முப்பது ஆண்டுகளாக ஒரு மனிதர் ஆக்சைடுகளில் ஆக்சிஜன் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, இருப்பது எவ்வாறு நெளிகிறது என்பதையே நிறமாலையில் படித்துக்கொண்டிருந்தார். 13.4 என்ற எண்ணைப் பிறர் கடந்துபோயிருப்பர். அந்த ஆய்வகத்தில் பயின்ற கண்ணுக்கு அது நின்று படிக்கவேண்டிய எண்ணாயிற்று.

இட்ரியம் பீங்கானுக்கு மீளுவோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சூ தம் கட்டுரையை இதழுக்கு அனுப்பியபோது இட்ரியம் என வரவேண்டிய இடங்களில் இட்டெர்பியம் என்று இருந்தது, அச்சேறுமுன் திருத்தினார். தட்டச்சுப் பிழை என்பது அவர் தந்த விளக்கம். கட்டுரையின் செய்தி முன்னரே கசிந்து, போட்டியாளர் தவறான உலோகத்தை வாங்கி அரைத்தபின் அதனை நம்பாதவர்கள் பலர். ஏட்டுப்பிழைகளோடும் பாடபேதங்களோடும் வாழ்கிற நாம் தீர்ப்புச் சொல்லத் துணியவில்லை.

உலோகம் எதுவென்று தெரிந்தபின்னும் குழப்பம் தீரவில்லை. ஒரே செய்முறையைப் பின்பற்றிய இரு ஆய்வகங்கள் இருவேறு விடைகளைப் பெற்றன. பொருளைச் சுட்டது 900 பாகை செல்சியசுக்கு மேலே. அந்த வெப்பத்தில் ஆக்சிஜன் வெளியேறிவிடுகிறது. ஆக்சிஜன் சூழ்ந்திருக்க மெல்லக் குளிரவிட்டால் 400, 500 பாகை அளவில் அது திரும்பவும் உள்ளே புகுகிறது. பொறுமையிழந்து சட்டெனக் குளிர்வித்தவர்க்குக் கிட்டியது மின்கடத்தாக் கட்டி. ஆக்சிஜன் எங்கிருந்து வெளியேறுகிறது என்று எக்ஸ் கதிர்களால் எளிதில் சொல்ல இயலவில்லை. கனத்த பேரியத்தின் அருகில் இலேசான ஆக்சிஜன் அவற்றுக்கு மங்கலாகவே தெரியும். நியூட்ரான் கற்றைகள் அதனைக் காட்டிக்கொடுத்தன. இப்பொருளில் தாமிரமும் ஆக்சிஜனும் சேர்ந்து தளங்களாகவும் சங்கிலிகளாகவும் அமைந்துள்ளன. மீக்கடத்தல் நிகழ்வது தளங்களில். ஆக்சிஜன் வந்துபோவது சங்கிலிகளில்.

எவ்வளவு போயிற்று என்று எண்ணுவதற்கு வேதியியலார் தம் பழைய முறைகளை எடுத்தனர். அமிலத்தில் பொருளைக் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு சேர்த்து, வெளிப்படும் அயோடினைத் தயோசல்பேட்டால் தரம் பார்ப்பது ஒன்று. கல்லூரி வேதியியல் கூடத்தில் படித்தவர்களுக்குப் பழகிய வேலை. ஹைட்ரஜனில் சூடாக்கி எடையிழப்பை அளப்பது மற்றொன்று. இரண்டும் நம்பத்தக்கவை. ஆனால் இரண்டும் பொருளை அழித்துவிடுகின்றன. மொத்தத்தின் சராசரியையே தருகின்றன. ஒரு மணியில் ஏழும் அடுத்த மணியில் ஆறரையும் இருந்தால் அயோடினுக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் நம் மண்ணில் பிறந்த ஒருவர் வருகிறார். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சந்திரசேகர வெங்கடராமன், கல்கத்தா பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் கே. எஸ். கிருஷ்ணனோடு பணியாற்றி 1928 பிப்ரவரி 28இல் கண்ட ஒளிச்சிதறலைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். பலர் அறியாத செய்தி, அதே மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் இருவரும் இதே விளைவைக் கண்டனர் என்பது. இராமன் நோக்கியவை பெரும்பாலும் நீர்மங்கள். மாஸ்கோவினர் நோக்கியது குவார்ட்ஸ். அதாவது சிலிக்கானின் ஆக்சைடு. ஆக, ஆக்சைடுப் படிகங்களும் இந்த நிறமாலையும் பிறந்த மாதத்திலேயே உறவாகிவிட்டன. 1960இல் மெய்மன் ஒளிரச்செய்த முதல் லேசரும் மாணிக்கக் கல்லால் ஆனது. குரோமியம் சிறிது கலந்த அலுமினிய ஆக்சைடுதான் மாணிக்கம். பாதரச விளக்கை வைத்துக்கொண்டு நெடுநேரம் காத்திருந்த இராமன் நிறமாலை, லேசர் வந்தபின் நுண்ணோக்கியின் அடியில் ஒரு தூசியளவு இடத்தையும் படிக்கும் ஆற்றல் பெற்றது.

படிகத்தில் அணுக்கள் ஓயாமல் அதிர்கின்றன. அதன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறு பங்கு, அந்த அதிர்வுக்குரிய ஆற்றலைக் கொடுத்தோ எடுத்தோ நிறம் மாறிச் சிதறுகிறது. நிற மாற்றத்தின் அளவு அதிர்வின் விரைவைச் சொல்லும். இட்ரியம் பீங்கானில், தளத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே பாலம்போல் நிற்கும் ஆக்சிஜன் ஒன்றுண்டு. அது மேலும் கீழுமாக அதிர்வதற்குரிய கோடு, ஆக்சிஜன் ஏழாக நிறைந்த பொருளில் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 500 அலைகள் என்ற இடத்தில் தோன்றும். ஆக்சிஜன் ஆறாகக் குறையும்போது அது 475 அளவுக்கு இறங்கும். வெளியேறுவது சங்கிலி ஆக்சிஜன். குரல் மாறுவது அண்டை ஆக்சிஜனுக்கு. கோட்டின் இடத்தைப் படித்தால் டெல்டாவை மதிப்பிடலாம். பொருளைக் கரைக்க வேண்டாம். ஒவ்வொரு மணியாகத் தனித்தனியே பார்க்கலாம்.

இதைவிட நம்மைக் கவர்ந்தது வேறு இரண்டு கோடுகள். 230க்கு அருகிலும் 580க்கு அருகிலும் தோன்றுபவை. சங்கிலி முழுமையாக இருந்தால் சமச்சீரின் விதிப்படி இவை இராமன் நிறமாலையில் தோன்றவே கூடாது. சங்கிலி அங்கங்கே அறுந்தால் அறுந்த முனைகளில் சமச்சீர் குலைகிறது, விதி தளர்கிறது, கோடுகள் எழுகின்றன. குறை இருந்தால் மட்டுமே பேசும் சாட்சிகள் அவை. ஆனால் சாட்சியைக் கலைக்கும் ஆபத்தும் உண்டு: லேசரைக் கூடுதல் வலிமையோடு குவித்தால் அந்த இடமே சூடேறி ஆக்சிஜனை இழந்துவிடும். அளக்கப் போன கை அளவையே மாற்றிவிடும்.

எத்தனை ஆக்சிஜன் என்பதோடு வினா முடியவில்லை. ஓர் எளிய கூட்டலைச் செய்து பார்ப்போம். ஆக்சிஜன் ஒவ்வொன்றும் எதிர்ச்சுமை இரண்டு என்றால் ஏழுக்குப் பதினான்கு. இட்ரியத்தின் மூன்றும் பேரியங்களின் நான்கும் சேர்ந்து ஏழு. மீதி ஏழை மூன்று தாமிரங்கள் சுமக்கவேண்டும், தலைக்கு 2.33. ஆக்சிஜன் ஆறரை என்றால் சரியாக இரண்டு. ஆகவே நிறைந்த பொருளில் மூன்று மின்சுமை கொண்ட தாமிரம் இருக்கவேண்டும் என்று பலர் எழுதினர். 1987இல் எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலை கொண்டு தேடியபோது அத்தகைய தாமிரம் தென்படவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆர். ராவ் குழுவினரும் அதே ஆண்டில் அதனையே சொன்னார்கள்: குறையும் எலக்ட்ரான் தாமிரத்திடமிருந்து குறையவில்லை, ஆக்சிஜனிடமிருந்தே குறைகிறது. 1988இல் கார்ல்ஸ்ரூவே நகரில் நூக்கர், ஃபிங்க் முதலியோர் ஆக்சிஜனையே நேராக விசாரித்தனர். 528 எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு சிறு முகடு, ஆக்சிஜன் நிறைய நிறைய வளர்வதைக் கண்டனர். மின்னோட்டத்தைத் தாங்கும் துளைகள் ஆக்சிஜனில் உறைகின்றன என்பதற்கு அது நேர்ச்சான்று.

அந்த ஆண்டுகளில் வெளிவந்தவை யாவும் நிலைக்கவில்லை. ஒளிமின்னணு நிறமாலையில் 531 எலக்ட்ரான் வோல்ட் அருகே எழுந்த ஒரு முகட்டை, இப்பொருளின் உள்ளியல்பு என்று கொண்டு விளக்கங்கள் எழுதப்பட்டன. பேரியம் காற்றிலுள்ள கரிமவளியையும் ஈரத்தையும் விரைந்து பற்றிக்கொள்ளும் தனிமம். வெற்றிடத்தினுள்ளேயே படிகத்தைப் பிளந்து புதுமுகத்தைப் பார்த்தபோது அந்த முகடு பெரிதும் மறைந்தது. அவர்கள் படித்தது மேற்பரப்பில் படிந்திருந்த அழுக்கை. விரைந்து வெளியிட்டவரைக் குறைகூறுவது எளிது. கருவி பொய் சொல்லவில்லை, கேட்ட இடம்தான் தவறு.

1990இல் அமெரிக்க ஆர்கான் தேசிய ஆய்வகத்தினர் செய்த சோதனை ஒன்று, இவ்வரலாற்றில் நாம் மிகவும் வியந்து படித்தது. ஆக்சிஜன் 6.41 அளவுள்ள பொருளைச் சூட்டிலிருந்து சட்டெனக் குளிர்வித்தனர். அது மீக்கடத்தவில்லை. அறை வெப்பநிலையில் சும்மா வைத்திருந்தனர். நாள்கள் செல்லச் செல்ல மீக்கடத்துத்திறன் தோன்றி, 20 கெல்வின் வரை உயர்ந்தது. ஆக்சிஜன் ஒன்றுகூட உள்ளே வரவில்லை, வெளியே போகவில்லை. உள்ளே சிதறிக்கிடந்தவை மெல்ல நகர்ந்து சங்கிலிகளாக வரிசை கூடியிருந்தன. அயோடின் தரம் பார்த்தால் முதல்நாளும் இறுதிநாளும் ஒரே விடைதான் வந்திருக்கும். அதுவரை டெல்டா என்னும் ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தவர்கள், அந்த எண் ஒன்றாக இருந்தும் பொருள் இரண்டாக இருக்கலாம் என்பதை ஏற்கவேண்டியதாயிற்று.

முல்லர் 2023 ஜனவரியில் தமது 95ஆம் வயதில் மறைந்தார். அதற்கு முன்பே, 2021 செப்டம்பரில், அமெரிக்க மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினரும் அவர்களோடு இணைந்த நிறுவனமும் அணுக்கருப் பிணைவு உலைக்கென ஆக்கிய காந்தம் 20 டெஸ்லாவை எட்டியது. அதில் சுற்றியிருந்தவை இதே குடும்பத்து ஆக்சைடைப் பூசிய மெல்லிய நாடாக்கள். அத்தகைய நாடாக்களின்மேல் வெள்ளியால் ஒரு நுண்படலம் இடுவார்கள். சூட்டில் ஆக்சிஜனைத் தன்னூடே செல்லவிடும் உலோகம் வெள்ளி. படலம் இட்டபின் நாடாவை ஆக்சிஜன் நிறைந்த உலையில் சில நூறு பாகைச் சூட்டில் வைத்திருந்து, வெள்ளியின் வழியாக ஆக்சிஜனை உள்ளே ஊட்டுகிறார்கள். சங்கிலிகள் நிரம்பினவா என்று இராமன் நிறமாலை கொண்டு பார்ப்பதும் உண்டு.